ப்ளக்ஸ் வைக்கத் தெரியுது, நோய் பேரைச் சொல்ல வாய் வரலையா?

எங்க விக்கிரவாண்டியில் யார் செத்தாலும் மறுநாளே ப்ளக்ஸ். 'கண்ணீர் அஞ்சலி'. அப்புறம் வருஷா வருஷம் நினைவு நாள், அன்னதானம். செய்யுங்க, வேணாங்கலை. ஆனா புற்றுநோயில் போனவங்கன்னா மட்டும் "வயித்து வலி"ன்னு முடிச்சுடறாங்க. வீட்ல பொண்ணு இருக்காம், சம்பந்தம் வராதாம்! எங்க பெரியம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றில் போனதையும் அப்படித்தான் மூடினாங்க. லாபம்? அதே தெருவில் வெள்ளைப்படுதலை 'சூடு'ன்னு நினைச்சு மோர் குடிச்சிட்டிருக்காங்க அக்காமாருங்க.

தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை மூடி வைக்கலை. பல வருஷம் விடாம அலைஞ்சு, 1954ல் அடையாறில் 12 படுக்கையோட புற்றுநோய் மருத்துவமனையே ஆரம்பிச்சாங்க.

"நாம என்ன அவங்களா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. யாரும் உங்களை ஆஸ்பத்திரி கட்டச் சொல்லலை. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, புதுச்சேரி ஜிப்மர் பஸ் போற தூரம், முதல்வர் காப்பீடும் இருக்கு. இல்லாதது கூடப் போக ஒரு ஆள். ரேடியேஷன்னா வாரம் அஞ்சு நாள், பல வாரம். கூலிக்குப் போற புருஷன் எத்தனை நாள் வேலையை விடுவான்? அந்த அன்னதானக் காசுல ஒருத்தருக்கு வழிச்செலவும் துணையும் ஏற்பாடு பண்ணலாமே. முப்பது தாண்டினவங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமே, பரிசோதனை அங்க இலவசம்.

பெரியம்மா நினைவு நாள் ப்ளக்ஸில் நோய் பேரையும் போடணும்னு சொல்லிட்டேன். சித்தப்பா அன்னையிலேர்ந்து என்கிட்ட பேசறதில்லை. பேசாட்டி போறார்.