ரெப்போ குறைஞ்சிடுச்சு... ரெண்டாவது மனை வாங்கலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ரெப்போ ரேட் இறங்கிடுச்சு, பூந்தமல்லிக்கு மெட்ரோ வருது. கடன் போட்டு இன்னொரு மனை வாங்கிப் போடலாமா? பணவீக்கம் கடனைத் தானா கரைச்சிடுமாமே?"

என் பதில்: அவசரப்படாதீங்க. அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கு.

பணவீக்கம் கடனைக் கரைக்கும்ங்கிறது அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே 30 வருஷத்துக்கும் ஒரே வட்டிங்கிற கடன் சகஜம். இங்கே நாம வாங்குறது பெரும்பாலும் ஃப்ளோட்டிங் வட்டி. 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தரும் புது ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்கள் ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடதான் கட்டப்பட்டிருக்கு. விலைவாசி ஏறினா ரிசர்வ் வங்கி ரெப்போவை ஏத்தும். கூடவே உங்க வட்டியும் ஏறும். அரிசி, பருப்பு செலவும் கூடும், இஎம்ஐயும் கூடும். ரெண்டு பக்கமும் அடி!

இது ஏற்கெனவே நடந்ததுதான். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79%. மே 4-ம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போவை 4%-லிருந்து 4.40% ஆக்கியது. 2023 பிப்ரவரிக்குள் 6.50%.

ஒரு உதாரணம். அம்பத்தூரில் ஒருத்தர் 2022 ஏப்ரலில் ஃப்ளாட்டுக்கு 40 லட்சம் கடன் வாங்கினார்னு வைங்க. வட்டி 6.75%, 20 வருஷம், இஎம்ஐ சுமார் 30,415 ரூபாய். முதல் மாசம் வட்டிக்கு 22,500 போக, அசலில் 7,900 கழியும். ஒரு வருஷத்தில் வட்டி 9.25% ஆனதும், மீதி இருக்கிற சுமார் 39.5 லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாசம் 30,450 ரூபாய். பழைய இஎம்ஐ வட்டிக்கே பத்தலை! அதனாலதான் பலருக்கு இஎம்ஐ ஏறுச்சு, இல்லைன்னா தவணைக்காலம் ரிட்டயர்மென்ட் தாண்டி நீண்டது. 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இஎம்ஐயை ஏத்துறதா, காலத்தை நீட்டுறதான்னு வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வாய்ப்பு தரணும்னு வங்கிகளுக்குச் சொன்னது.

இப்போ காத்து திரும்பியிருக்கு. 2025-ல் நாலு முறை குறைச்சு, டிசம்பரில் ரெப்போ 5.25%-க்கு வந்தது. இந்தக் குறைப்பை எதுக்குப் பயன்படுத்தணும்? பழைய கடனை அடைக்கத்தான்!

36 லட்சம் பாக்கி, 17 வருஷம் மீதி, வட்டி 9.25%-லிருந்து 8% ஆகுதுன்னு வைங்க. இஎம்ஐயைக் குறைச்சா மாசம் 2,700 ரூபாய் மிச்சம். அதே 35,000-ஐத் தொடர்ந்து கட்டினா, கடன் ரெண்டரை வருஷம் முன்னாடியே முடியும். மொத்தத்தில் சுமார் 5 லட்சம் மிச்சம். வங்கியில் நீங்களே போய்க் கேளுங்க. தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைச்சா அபராதம் கிடையாது.

ரெண்டாவது மனைக்கு வருவோம். திருமழிசையோ, பட்டாபிராமோ, காலி மனை வாடகை தராது. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம்னு பொதுவா 9% போயிடும். 30 லட்சம் மனைன்னா 2.70 லட்சம். அதுக்கு மேல வருஷா வருஷம் வட்டி. மெட்ரோ வரப்போறது விற்கிறவருக்கும் தெரியும். அதை அவர் விலையில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்.

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஒரே ஒரு சோதனை பண்ணுங்க: வட்டி இன்னும் 2.5% ஏறினாலும், வீட்டில் ஒரு சம்பளம் ஆறு மாசம் நின்னாலும் இஎம்ஐ கட்ட முடியுமா? முடியும்னா தாராளமா வாங்குங்க. தயக்கம் இருந்தா, முதல் வீட்டுப் பத்திரத்தை வங்கியிலிருந்து மீட்கிறதுதான் உங்களுக்கு நல்ல முதலீடு.