அசலின் மேல் கை வைக்காதீர்கள்!



கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவார்கள். முன்பெல்லாம் கணக்கில் சந்தேகம் கேட்பார்கள். இப்போது கம்ப்யூட்டரில் கேட்கிறார்கள்! புகைப்படங்களைத் திருத்தவும், படம் வரையவும் உதவும் 'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருளைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். உங்களுக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

"தாத்தா, காசே கொடுக்காமல் எடுத்துக்கொண்டால் அது திருட்டு இல்லையா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள்! அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற 2 மாணவர்கள் 1995ல் இதை எழுதத் தொடங்கினார்கள். 1996ல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதன்பின் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுத்து நண்பனுக்கும் கொடுக்கலாம் என்று அவர்களே அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனவே இது திருட்டு அல்ல, பரிசு! விலைக்கு விற்கும் மென்பொருளின் பூட்டை உடைத்துப் பயன்படுத்துவதுதான் திருட்டு.

"படத்தைச் சேமித்தேன். ஆனால், நண்பனுக்கு அனுப்பினால் அவனால் திறக்க முடியவில்லையே?" இது அடுத்த கேள்வி. ஜிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் 'எக்ஸ்.சி.எஃப்' என்ற கோப்பாகத்தான் சேமிக்கும். அது உங்கள் ரஃப் நோட்டு மாதிரி. நீங்கள் போட்ட அடுக்குகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். அடுக்கு என்றால் என்ன? புத்தகப் படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, அந்தத் தாளில் மீசை வரைகிறீர்கள். தாளை எடுத்துவிட்டால் மீசை போய்விடும். அடியிலுள்ள முகம் கெடாது. அதுதான் அடுக்கு! பிறருக்கு அனுப்பும்போது மட்டும் 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். புகைப்படம் என்றால் 'ஜேபெக்', நீங்கள் வரைந்த படம் என்றால் 'பி.என்.ஜி.' நல்லது.

"சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் ஏன் மங்கிவிடுகிறது?" இதற்கு விடை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. புள்ளிக் கோலம் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் உள்ள புகைப்படமும் புள்ளிகளால் ஆனதுதான். படத்தைச் சிறிதாக்கும்போது பெரும்பாலான புள்ளிகள் போய்விடும். மறுபடி பெரிதாக்கினால், இல்லாத புள்ளிகளைக் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாக நிரப்பும். அதனால்தான் மங்கல்!

இவ்வளவும் தெரிந்த நான் ஒரு தவறு செய்தேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

என் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். சட்டத்துக்குள் கரையான் ஏறியபோது, மிச்சமிருந்ததைக் காப்பாற்ற அவசரமாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்தேன். 2,400க்கு 3,000 புள்ளிகள். அதாவது 72 லட்சம் புள்ளிகள். புடவைக் கரையின் பூ வேலைகூடத் தெரிந்தது. ஒருநாள் தங்கை கேட்டாள் என்று, அனுப்புவதற்காக அதை 240க்கு 300 ஆகச் சிறிதாக்கினேன். 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் புதுப் பெயர் வைப்பதற்குப் பதில், அவசரத்தில் 'ஓவர்ரைட்' கொடுத்துவிட்டேன். பழைய கோப்பின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது. மறுநாள்தான் கவனித்தேன். 'கண்ட்ரோல்', 'இசட்' விசைகளைச் சேர்த்து அழுத்தினால் செய்ததைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மைதான். ஆனால், மென்பொருளை மூடிவிட்டால் அந்த வசதியும் போய்விடும். அசல் படத்தையோ கரையான் தின்றுவிட்டது. இன்று என்னிடம் இருப்பது 72 ஆயிரம் புள்ளிகள் மட்டுமே. பெரிதாக்கினால் அம்மாவின் முகம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தெரிகிறது.

ஆகவே குழந்தைகளே, மென்பொருளைத் திறக்கும் முன்பே படத்துக்கு ஒரு நகல் எடுங்கள். நகலில் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள். கெட்டுப்போனால் கெடட்டும், இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம். பயமில்லாமல் கற்றுக்கொள்ள அதுதான் வழி. அசலைப் பென் டிரைவ் ஒன்றிலும் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. உங்கள் தோழியின் முகமும் ஓர் அசல்தான். அவள் சம்மதம் இல்லாமல் அதைக் கோணலாக்கிப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அவள் மனம் நொந்த பிறகு அதைத் திரும்பப் பெற எந்த விசையும் இல்லை!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: வீட்டிலுள்ள மிகப் பழைய புகைப்படத்தைத் தேடி எடுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்கள் துணையோடு அதை ஸ்கேன் செய்து 2 நகல் எடுங்கள். செய்வீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா