பந்தி வேண்டும், அந்தப் பழைய பந்தி வேண்டாம்

ஜிந்துப்பிட்டியில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், கூறைச்சேலைக்கு அடுத்தபடியாகச் சண்டை வருவது சாப்பாட்டில்தான். தாலி கட்டுவது கோயிலில் முடிந்துவிடும், அதில் பிரச்சினை இல்லை. ரிசெப்ஷன் என்றதும் வீடு இரண்டாகப் பிரியும். "இலை போட்டுப் பந்தி வைப்பம்" என்று அம்மம்மா சொல்லுவார். "பஃபே இல்லாட்டி ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்று மற்றப் பக்கம் கேட்கும்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விருந்துக்குக் கூப்பிட்டவரை உட்கார வைத்துப் பரிமாறுவதுதான் சரி. ஆனால் பாட்டன் காலத்துப் பந்தியை அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை.

முதலில் காசைப் பார்ப்போம். ஹோட்டலில் கணக்கு தலைக்கு இவ்வளவு என்றுதான். தலைக்கு 5,000 ரூபாய், 250 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 இலட்சத்து 50 ஆயிரம். அதற்கு மேல் 10% சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 18% வற் வரி. மொத்தம் 16 இலட்சத்தைத் தாண்டிவிடும். குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், வராதவருக்கும் நாங்கள்தான் கட்ட வேண்டும். செட்டியார் தெருவில் வாங்கிய நகை, கல்யாணம் முடிந்த கையோடு அடகுக்கடைக்குப் போவது இதனால்தான். சமையல்காரரைப் பிடித்து மண்டபத்திலேயே ஆக்கினால் தலைக் கணக்கு இல்லை. அரிசிக்கும் மரக்கறிக்கும் ஆளின் கூலிக்கும்தான் காசு.

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போனது. அந்த வருடம் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். இப்போது கல்யாண வீட்டில் தட்டோடு வரிசையில் நிற்பதற்குக் காசு கட்டுகிறோம்!

"பஃபேயில் எல்லாரும் சமம், விரும்பினதை எடுத்துச் சாப்பிடலாம்" என்பார்கள். உண்மையாகவா? மணமக்களின் மேசைக்குச் சாப்பாடு தேடி வரும். முன்வரிசைப் பிரமுகர்களை ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். முழங்கால் வலியோடு இருக்கிற பெரியம்மா மட்டும் பிரைட் ரைஸ் பாத்திரத்தின் மூடியை ஒரு கையால் தூக்கி, மற்றக் கையில் தட்டைப் பிடித்துத் தடுமாறுவார். கடைசியில் போனவருக்கு டெவில் சிக்கனில் வெங்காயம்தான் மிஞ்சும். கால் பலம் உள்ளவனுக்குக் கோழி என்பது சமத்துவம் இல்லை.

அடுத்தது வீணாவது. திரும்ப ஒருமுறை வரிசையில் நிற்கப் பஞ்சியில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவிப்போம், பாதியைக் கொட்டுவோம். பாத்திரத்தில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகப் பல ஹோட்டல்கள் விடுவதில்லை. மண்டபத்தில் ஆக்கினால் மிஞ்சிய சோறு அன்றிரவே பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ச் சேரும். கொழும்பு கொட்டுகிற குப்பை எங்கே போகிறது என்பதை நாங்கள் மறந்திருக்க முடியாது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள்.

சரி, பந்திக்கு வருவோம். பந்தி என்றாலே எங்கள் பண்பாடு, சமத்துவம் என்று உருகுகிறவர்களையும் நாங்கள் நம்பவில்லை. "பந்திக்கு முந்து" என்று பழமொழி ஏன் வந்தது? கடைசிப் பந்திக்குத் தண்ணிச் சாம்பார்தான் என்று எல்லாருக்கும் தெரிந்ததால்! அதைவிட மோசம், பந்தியில் உட்காரவே விடப்படாதவர்களின் கதை. கல்யாணத்துக்கு உழைத்த சாதிகளுக்குக் கோடிப்பக்கத்தில்தான் சாப்பாடு. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டது 1924-25இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. இங்கே, சாதி சொல்லி உணவகத்துக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது, தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறந்துவிடச் சொல்லி.

"அப்ப பஃபேதானே நல்லது, அங்க சாதி இல்லையே" என்று கேட்கலாம். பஃபே சாதியை ஒழிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வேண்டிய தேவையைத்தான் ஒழித்தது. போராடினவர்கள் கேட்டது சமபந்தி. ஆளுக்கொரு மூலையில் நின்று சாப்பிடுகிற உரிமையை அவர்கள் கேட்கவில்லை. முஸ்லிம் நண்பர்களின் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் முன்பின் தெரியாதவனும் கறித்துண்டை உங்கள் பக்கம் தள்ளிவிடுவான். சேர்ந்து உட்கார்ந்தால்தான் இது நடக்கும்.

ஆகவே நாங்கள் கேட்கிற பந்தி இதுதான். முதல் பந்தி வயசானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். பிரமுகர் பந்தி என்று ஒன்று கிடையாது. மேளகாரர், சமையல்காரர், படம் பிடிக்கிறவர், மண்டபம் கூட்டுகிறவர் எல்லாரும் அதே மண்டபத்தில், அதே இலையில், அதே கறிகளோடு சாப்பிட வேண்டும். கடைசிப் பந்திக்கான கறியை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். "போடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

"பரிமாற ஆள் எங்க?" என்பது கடைசிக் கேள்வி. 250 பேர் என்றால் மூன்று பந்தி. ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம், மொத்தம் ஒன்றரை மணித்தியாலம். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். டான்ஸ் ஆடப் பத்துப் பேர் ஒரு மாதம் பிரக்டிஸ் பண்ணுகிறோம், வாளி தூக்க ஆள் இல்லையா? அதிலும் பெண்பிள்ளைகளை இலை துடைக்க விட்டுவிட்டுப் பெடியன்கள் போனோடு நிற்கிற வேலை வேண்டாம். இரண்டு பேரும் தூக்குவோம்.

இந்த வருடம் கல்யாணம் வைத்திருக்கிற நண்பர்களே, ஹோட்டலுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வீட்டில் கதைத்துப் பாருங்கள். ஆள் போதாவிட்டால் சொல்லுங்கள், சாம்பார் வாளியோடு நாங்கள் வருகிறோம்.