தை மாதத்து நடையும் நமது நாயும்

குளிர்காலம் என்றதும் மேனாட்டாருக்கு உறைபனியும் கம்பளி அங்கியும் நினைவுக்கு வரும். நமது வண்ணாத்திவில்லிலோ குளிர் மிகவும் அடக்கமான விருந்தாளி. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் வானம் தெளிகின்றது. மேகப் போர்வை இல்லாத இரவில், பகலெல்லாம் நிலம் வாங்கிய வெப்பம் தடையின்றி மேலே சென்றுவிடுகின்றது. விடியற்காலையில் புல்நுனி தோறும் பனித்துளி. வெப்பமானி இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிதே. ஆயினும் அந்தச் சிறு குளிருக்கே நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்கின்றோம்.

அப்போர்வையைப் பற்றி இழுப்பவன் வீமன். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மழைநாளொன்றில் வீதியோரத்தில் யாரோ விட்டுச் சென்ற நாட்டு நாய்க்குட்டி அவன். தை, மாசி மாதங்களில் அவனுக்கு வரும் உற்சாகத்தை என்னென்பது! அதற்குக் காரணமும் உண்டு. நம்மைப்போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களிற் சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. பங்குனி வெயிலில் கொதிக்கும் மணல் அதற்குத் துன்பம். தை மாதத்து ஈரமண் இன்பம். இரவில் அவ்வழியே சென்ற முயலும் கீரியும் விட்டுச்சென்ற வாசனையெல்லாம் ஈரத்தில் தங்கியிருக்கும். நாம் செய்தித்தாள் படிப்பதுபோல் அவன் நிலத்தைப் படித்துக்கொண்டு செல்வான்.

எலுவன்குளம் செல்லும் வீதியின் கிளைப்பாதைகளே எமது நடைக்களம். செம்மண் தரை; இருமருங்கும் பூத்து நிற்கும் மரமுந்திரிகை; அப்பால் பாலையும் வீரையும் செறிந்த காடு. வேலியில் வண்ணாத்திக்குருவி பாடும். இமயமலைச் சாரலிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஆறுமணிக்குருவி, பெயருக்கேற்ப, காலையிலும் மாலையிலும் புதருக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். இவ்வின்பங்களுக்காக இருள் பிரியுமுன்னரே புறப்படுவது நமது வழக்கமாயிருந்தது.

ஒருநாள் பாதையின் திருப்பத்தில் வீமன் சட்டென்று நின்றான். பிடரிமயிர் சிலிர்த்தது, குரைக்கவில்லை. இழுத்தும் ஓர் அடி நகரவில்லை. அவனுடைய பிடிவாதத்தைக் கடிந்துகொண்டே நின்றோம். எதிரே, ஐம்பது அடி தொலைவில், பற்றை ஒன்று அசைந்தது. கிளை முறியும் ஓசை கேட்டது. பின்னர் அந்தக் கரிய உருவம் பாதையைக் கடந்து காட்டுக்குள் மறைந்தது. தனியன் யானை!

கால் நடுங்கத் திரும்பியபோது தோட்டக்காவலர் ஒருவர் எதிர்ப்பட்டார். நடந்ததைக் கேட்டுத் தலையசைத்தார்.

“மாஸ்டர், வெளிச்சம் வராம இந்தப் பக்கம் வராதீங்க. ராவைக்குத் தோட்டத்தில மேஞ்ச ஆனை காட்டுக்குத் திரும்புற நேரம் இது. நாய் குலைச்சா ஆனைக்குக் கோவம் வரும். பயந்த நாய் எங்க ஓடும்? உங்கட காலடிக்குத்தான். ஆனையும் பின்னாலயே வரும்.”

யானைபோன்றார் நட்பை விலக்கி நாய்போன்றார் நட்பைக் கொள்ளுமாறு நாலடியார் கூறுகின்றது. பழகிய பாகனையும் யானை கொல்லும். எய்த வேல் உடலிலிருக்கவும் நாய் வாலாட்டும் என்பது அதன் கருத்து. இதனை நாம் மாணவருக்குப் பன்முறை விளக்கியிருக்கின்றோம். ஆனால் அன்றுதான் நன்கு விளங்கிற்று. எனினும் யானையை நாம் பழிப்பதற்கில்லை. வில்பத்து 1938 இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அக்காட்டின் விளிம்பிலேயே நாம் குடியிருக்கின்றோம். அதன் பாதையில் இருளில் நடந்தது நமது பிழை.

அன்றுமுதல் சூரியன் நன்றாக மேலெழுந்த பின்னரே புறப்படுகின்றோம். வீமனின் கழுத்தில் வார் உண்டு; காட்டுக்குள் அவனை விடுவதில்லை. அவிழ்த்துவிட்ட நாய் மான்குட்டியைத் துரத்தும். அல்லது சிறுத்தைக்கு இரையாகும். வீடு திரும்பியதும் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்து எடுக்கின்றோம். ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவிக்கின்றோம். 1885 இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அத்தகைய ஊசியை ஏற்றுவித்துக் காத்தார். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. முன்னரே தடுப்பதோ எளிது. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை நமது நாடு 2006 இல் கைவிட்டது. ஆகவே, ஊசியும் கருத்தடையுமே நாம் நாய்களுக்குச் செய்யக்கூடிய தருமம்.

இன்றும் காட்டோர வீதியில் சாக்கில் கட்டிய குட்டிகளைக் காண்கின்றோம். தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேறமாட்டேன் என்று சுவர்க்கத்தையே மறுத்தார் தருமர். நம்மை எவரும் சுவர்க்கத்தைத் துறக்கச் சொல்லவில்லை. ஒரு கவளம் சோறு, ஆண்டுக்கோர் ஊசி, காலையில் அரைமணி நேரம் — இவ்வளவே வேண்டுவது. இதைக் கொடுத்த நமக்கு வீமன் திருப்பித் தந்தது, அந்த விடியற்காலையில், நமது உயிர்.