பாதிச் சுற்று சொல்லும் பொய்

200 சுற்றில் சாதுவாக வட்டமிட்ட விமானம், முழுச் சுற்று ஏற்றிக் கையை விட்டதும் இடப்பக்கம் புரண்டு தரையில் குத்துகிறது. மூக்கு உடைந்த பி-30 ரப்பர் விமானத்தை ஏந்திக்கொண்டு ‘முதலில் நன்றாகத்தானே ஏறியது’ என்று புலம்பாதவர் நம்மில் இல்லை. காற்றின்மீது பழி போடுகிறோம், ரப்பரின்மீது போடுகிறோம். கடைசியில் செய்யக் கூடாததைச் செய்கிறோம்: வாலில் கைவைக்கிறோம்.

வால் கிளைடுக்கு உரியது. மூக்கு ஏறியேறித் தாழ்ந்தால் வால் இறக்கையின் முன்விளிம்பைத் தாள் கனம் உயர்த்துகிறோம். தலைகுப்புறப் பாய்ந்தால் தாழ்த்துகிறோம். வட்டத்துக்காக அதையே சற்றுச் சாய்க்கிறோம். கிளைடு அமைந்தபின் அந்தப் பக்கம் போகவே கூடாது. ரப்பர் ஓடும்போது வரும் கோளாறுக்கு மருந்து மூக்குக் கட்டையில் இருக்கிறது. லூப் போட்டால் கட்டையின் மேல்புறம் ஒரு சில்லு செருகி டௌன் திரஸ்ட். இடப்பக்கம் புரண்டால் கட்டையின் இடப்புறம் ஒரு சில்லு செருகி ரைட் திரஸ்ட். இது நமக்குப் புதிதல்ல. தெரிந்தும் ஏன் உடைக்கிறோம்?

சோதித்த விசை வேறு, பறக்கவிடும் விசை வேறு என்பதால்தான். ரப்பரின் முறுக்கு விசை சுற்றுக்குச் சுற்று சீராக ஏறுவதில்லை. நடுப்பகுதியில் மெதுவாக ஊர்ந்து, கடைசிச் சுற்றுகளில் செங்குத்தாக எகிறுகிறது. கையை விட்டதும் முதலில் வெளிப்படுவது அந்த எகிறல்தான். வாலிலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் வலஞ்சுழி. அதன் எதிர்விசை உடலை இடப்பக்கம் புரட்டுகிறது. கூடவே மிதமிஞ்சிய வேகம் இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டி மூக்கை மேலே இழுக்கிறது. பாதிச் சுற்றில் தேறிய விமானம் இந்த முதல் சில விநாடிகளைச் சந்தித்ததே இல்லை. சந்திக்காத பரீட்சையில் அது தேறிவிட்டதாக நாம்தான் சான்றிதழ் கொடுத்துவிட்டோம்.

சுற்று எண்ணிக்கை முழு உண்மையைச் சொல்வதும் இல்லை. புது ரப்பரும் இழுத்துப் பழக்கிய ரப்பரும் ஒரே சுற்றில் ஒரே விசை தருவதில்லை. குளிரும் வெயிலும் அதை மாற்றும். எண்ணெயிட்ட விதமும் மாற்றும். இழையை மாற்றினாலோ கணக்கே வேறு. அதே 10 கிராம் ரப்பரை ஆறு இழைக்குப் பதில் நான்கு இழையாகக் கட்டினால் தாங்கும் சுற்று ஏறத்தாழ 1.8 மடங்காகும், முறுக்கு விசையோ பாதிக்குச் சற்றே மேல். எத்தனை நேரம் ஓடும் என்பதைச் சுற்று சொல்லும். கையை விட்டதும் என்ன நடக்கும் என்பதை முறுக்கு விசைதான் சொல்லும். அதை அளக்கும் டார்க் மீட்டர் ஆடம்பரம் அல்ல.

அரங்குக்குள் பறக்கவிடுவோரிடம் நாம் கடன் வாங்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு: அரை மோட்டார். அதே இழைகள், பாதி நீளம். மீதி இடத்தில், விட்டுப்போன ரப்பரின் எடைக்குச் சமமான குச்சி ஒன்று; எடைமையம் நகராது. பாதிச் சுற்றிலேயே முழு விசை கிடைத்துவிடும். முதல் பாய்ச்சல், நடு ஏற்றம், கிளைடு மூன்றையும் ஒரே குறும்பறப்பில் பார்க்கலாம். விமானமும் அடுத்த ஊர் வயலுக்குப் போகாது. அப்போதும் ஒரே தாவலாக உச்சிக்குப் போகக் கூடாது. மீட்டர் முள்ளைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில்லைத் திருத்தி மேலே போகலாம்.

ரப்பர் விமானங்களின் பன்னாட்டுப் போட்டி வகுப்பான எஃப்1பி-யில் ரப்பருக்கான உச்ச எடை 40 கிராமிலிருந்து 35, பிறகு 30 எனக் குறைந்தது. அங்குள்ளவர்கள் அந்த முதல் விநாடிகளை டைமராலும் கோணம் மாறும் புரொப்பல்லராலும் அடக்குகிறார்கள். நம் பி-30-க்கு 76 செ.மீ. இறக்கை, 40 கிராம் உடல், 10 கிராம் ரப்பர், கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் புரொப்பல்லர். பாய்ச்சலை அடக்க அதனிடம் சில அட்டைச் சில்லுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே அளவெடுக்கும் கடமை எஃப்1பி-காரர்களைவிட நமக்கே அதிகம்.

1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துயிலரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ தன் ரப்பர் விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டார். வாலை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் வைத்ததால் அது தானே தன்னை நிமிர்த்திக்கொண்டது. கையை விட்டபின் சொல்ல வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே விமானத்துக்குள் வைத்து அனுப்பினார். நம் வேலையும் அதுதான். ஆனால் எந்த விசைக்கு அதைச் சொல்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பறப்புக் குறிப்பேட்டில் ‘சுற்று’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அங்கே ‘விசை’ என்று எழுதுங்கள். அடுத்த மூக்குக் கட்டை உடைவதற்கு முன் அந்தக் கட்டம் நிரம்பட்டும்.