இலேசான வண்டியும் தளர்ந்த முகப்பும்

இலேசாக இருத்தல் வேறு, தளர்ந்திருத்தல் வேறு. முன்னது அறிவோடு செய்யப்படும் சிக்கனம். பின்னது அசட்டையால் வந்து சேரும் குறை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலராதலின், இலேசான விளையாட்டு மோட்டார் வண்டி ஒன்றின் முகப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருள் பற்றிச் சில கூற விழைகின்றோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கேயன்றி ஏனையோர்க்கும் இது பயன்படுமென்று நம்புகின்றோம்.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்னும் பொறியியலறிஞர் 1957-ஆம் ஆண்டில் லோட்டஸ் செவன் என்னும் சிறு வண்டியை வெளியிட்டார். எடையைக் குறைத்தலே வேகத்திற்கும் வளைவுகளில் செவ்வனே திரும்புதற்கும் வழியென்பது அவர் கொள்கை. எஃகுக் குழாய்களாலாகிய சட்டம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, ஏறக்குறைய 500 கிலோகிராம் எடை: இவ்வளவே அவ்வண்டி. 1960-இல் தோன்றிய இரண்டாம் வரிசை வண்டிகளில் முன்புறத்து மூக்குக் கூம்பு, கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பொருளாற் செய்யப்பட்டது. 1973 முதல் கேட்டர்ஹாம் கம்பெனியார் இவ்வினத்து வண்டிகளைச் செய்து வருகின்றனர். இவற்றுட் பல, உறுப்புறுப்பாக விற்கப்பெற்று, வாங்கியவர் தம் கையாலேயே பூட்டப்பெற்றவை. ஆகவே ஆணியை முடுக்கியவரும் வண்டியை ஓட்டுபவரும் பெரும்பாலும் ஒருவரே.

“மூக்குக் கூம்பு வெறும் போர்வைதானே, அது சிறிது ஆடினால் என்ன கேடு?” என வினவுவார் உளர். அவர்க்குக் காற்றின் கணக்கே விடை கூறும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், எதிர்முகமாக நிற்கும் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் சுமார் 12 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் உண்டாகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அஃது இரட்டிப்பதன்று, நான்கு மடங்காகிச் சுமார் 47 கிலோகிராமை எட்டுகிறது. மேலும், ரேடியேட்டரைக் குளிர்விக்கும் பொருட்டு முன்வாயிற் புகும் காற்று உள்ளிருந்தும் தள்ளுகிறது. வீட்டு வாயிலில் விரல் நுனியால் அசைத்துப் பார்த்துச் சிறு ஆட்டமென்று நாம் எண்ணியது, நெடுஞ்சாலையில் பெரும் இழுப்பாகிவிடும். கழன்று பறக்கும் கூம்பு பின்வரும் மோட்டார் சைக்கிள்காரர் முகத்தில் மோதுமாயின், அதனைப் போர்வையென்று யார் சொல்லுவார்?

இக்காற்றை எப்பக்கம் சேர்த்துக்கொள்வதென்பது வண்டியை அமைப்போர் செய்யும் முதல் தேர்வு. 1958-இல் வெளிவந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் வண்டியில், முகப்பு முழுவதும் பின்புறக் கீலில் அமைந்து முதலை வாய்போல மேலே திறக்கும். பூட்டு நழுவினால் காற்று அதற்குள் புகுந்து தூக்க முற்படும். 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்பயரிலோ கீல் முன்புறத்தில் உள்ளது. ஓடும்போது காற்றே மூடியை மூடிவைக்கத் துணை நிற்கும். மூக்குக் கூம்புக்குக் கீலே இல்லை. அதனைக் காப்பது ஆணிகளின் பிடிப்பொன்றே.

அவ்வாணிகளுட் சிறந்தது கால்திருப்பு ஆணியாகும். அமெரிக்காவிற் குடியேறிய உக்ரேனியராகிய வில்லியம் ட்ஸூஸ் என்பவர் 1930-களில் விமான இஞ்சின் மூடிகளுக்கு ஏற்றதாக ஆக்கியளித்தது இது. ஆணியின் அடியில் சுருள் வெட்டு ஒன்றுண்டு; எதிரே சட்டத்தில் கம்பி ஸ்பிரிங்கு ஒன்று பதிந்துள்ளது. திருப்புளியால் கால் சுற்றுத் திருப்பினால் வெட்டு கம்பியைக் கவ்விக் கொள்ளும். அதிர்ச்சியால் எளிதிற் கழலாது. அவிழ்த்தலும் அவ்வாறே எளிது.

முகப்பு தளர்ந்தபோது முதலில் தேடவேண்டுவது காரணம். ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி, ஆட்டம் எங்குத் தோன்றுகிறதென அறிதல் வேண்டும். ஸ்பிரிங்கு தொய்ந்ததா, அதனைப் பிடித்திருக்கும் ரிவெட்டு அசைகின்றதா, விளிம்பில் வைத்த ரப்பர் நைந்ததா, ஆணித்துளை நீண்டு முட்டை வடிவாயிற்றா எனக் காண்க. காரணம் அறியாது ஆணியை மேன்மேலும் முடுக்குவோர், கண்ணாடி நாரை நசுக்கித் துளையைச் சுற்றி நட்சத்திர வெடிப்பை விளைவிப்பர். துளை சிதைந்திருப்பின் உட்புறத்தைத் தேய்த்து, புதிய நார்விரிப்பும் பிசினும் இட்டுத் தடிப்பாக்கி, மீண்டும் துளையிடுவதே முறை. தேய்க்குங்கால் அத்தூள் நுரையீரலிற் செல்லாதவாறு முகமூடி அணிதல் இன்றியமையாதது. வெடிப்பின் முனையில் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது நிற்கும். போல்ட்டு இடுமிடங்களில் அகன்ற வாஷரும், நைலான் வளையம் பொருந்திய நட்டும் இடுக. வாஷர் அகன்றிருப்பின் பாரம் ஒரு புள்ளியிற் குவியாது பரவும்; நைலான் வளையமோ அதிர்ச்சியிலும் நட்டைச் சுழல விடாது. நட்டின்மேலும் அருகிலுள்ள தகட்டின்மேலும் தொடர்ந்து ஒரு வர்ணக்கோடு இட்டுவைத்தால், நட்டு அசைந்ததைக் கண்ணே காட்டிக் கொடுக்கும்.

இரு வழிகளை நாம் கண்டிக்கின்றோம். ஒன்று, ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு அமைதி கொள்ளுதல். மழையும் வெப்பமும் அதன் பசையைக் கெடுத்துவிடும். மற்றொன்று, இனி ஆடவே கூடாதென்று நிலையாக ஒட்டிவிடுதல். கூம்பினுள் ரேடியேட்டர் உள்ளது. திறக்க இயலாததை ஒருவரும் சோதியார். சோதியாததன் பழுது வெளிப்படும்பொழுது காலம் கடந்திருக்கும். எளிதில் அவிழ்வதும் உறுதியாய் நிற்பதும் ஒருங்கே வேண்டுமென்பதே எம் கருத்து.

கிரேட் பிரிட்டனில் ஆண்டுதோறும் நிகழும் எம்.ஓ.டி. சோதனையில், கழன்று விழக்கூடிய உடற்பகுதியுடைய வண்டி தேறாது. ஆயின் 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 ஆண்டுகளுக்கு மேற்பட்டுப் பெரிய மாறுதல் செய்யப்படாத வண்டிகளுக்கு அச்சோதனை கட்டாயமன்று. பழைய லோட்டஸ் செவன் பலவும் இவ்விலக்கினுள் அடங்கும். சட்டம் விலக்களித்தது சோதனைக்கேயன்றிப் பொறுப்புக்கன்று. வண்டியை ஓட்டத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமை உடையவரிடமே உள்ளது. தேர்வாளர் இல்லாத தேர்வில் தன் மனச்சான்றே தேர்வாளராகும். அத்தகையோர் கட்டாயமின்றியே ஆண்டுக்கொருமுறை வண்டியைச் சோதனைக்கு விடுதல் தக்கதென்போம்.

மாணவ நண்பர்களே! நீவிர் நாளை வண்டி செய்வீரோ, பாலம் கட்டுவீரோ, மருந்து கலப்பீரோ, நாம் அறியோம். எத்தொழிலினும் வேண்டாத பாரத்தைக் களைக. வேண்டிய பிடிப்பை மட்டும் தளர விடற்க. பிறர் பார்க்கும் இடத்தைப் போலவே பிறர் பாராத இடத்தும் ஆணி இறுகியிருத்தல் வேண்டும். அதன் பயனைப் பெறுவார் பெரும்பாலும் நம் பெயரறியாது நமக்குப் பின்னே வருபவரே.