'சிற்பி'க்கும் 'பறவை'க்கும் நடுவில்... 14 வயசுப் பசங்களைக் கவனிக்கிறது யாரு?

அடிதடி வழக்கில் 17 வயசுப் பையன் சிக்கினால், "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று கமென்ட் குவியும். அவன் 14 வயசில் ஸ்கூலுக்கு வராமல் நின்றானே, அன்னைக்கு யாராவது வீடு தேடிப் போனார்களா?

சென்னையில் என்ன திட்டங்கள் இருக்கு?

2022 செப்டம்பரில் தொடங்கியது 'சிற்பி'. 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர் என 8-ம் வகுப்பு மாணவர்கள் 5,000 பேருக்குக் காவல்துறை மூலம் நல்லொழுக்கம், போதை விழிப்புணர்வுப் பயிற்சி தரும் திட்டம் இது.

அடுத்தது 'பறவை'. முதல்முறை வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போன 18 முதல் 24 வயது இளைஞர்களை மீட்டு, வேலைக்கு வழிகாட்டுவது இதன் நோக்கம்.

அப்போ நடுவில்?

இங்கதான் சிக்கல். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதாவது 8-ம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 14 வயதைத் தாண்டியவர்கள் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம் என்கிறது. இரண்டு வேலியும் ஒரே வயசில் திறக்கிறது. வீட்டில் கஷ்டம் என்றால் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

காவல்துறையின் சிறுவர், சிறுமியர் மன்றங்களில் விளையாட்டு, மாலை நேர வகுப்பு எல்லாம் உண்டு. ஆனால் அங்கும் பிள்ளை தானாக வந்தால்தான் ஆச்சு. வராத பிள்ளையை யார் தேடுவது?

வழக்கு வந்துட்டா?

கொடுங்குற்றம் தவிர மற்றவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தால் ஒழிய, 18 வயதுக்கு உட்பட்டவர் மீது எஃப்.ஐ.ஆர். கூடாது என்கின்றன சிறார் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள். அதற்குப் பதில் பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையைத்தான் போலீஸ் தர வேண்டும். ஆலோசனை, சமூக சேவை போன்ற உத்தரவுகளை இளைஞர் நீதிக் குழுமம் போடலாம். திருந்த வழி விடுவதுதான் சட்டத்தின் நோக்கம். ஆனால் அது வேலை செய்வது தப்பு நடந்த பிறகு.

என்ன செய்யலாம்?

9-ம் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வாரம் வரவில்லை என்றால், அதுதான் முதல் எச்சரிக்கை. அப்போது வீட்டுக்குப் போகும் ஆசிரியரோ, "ஏன்டா வரல?" என்று கேட்டு அடுத்த வாரமும் தேடி வரும் தெரு அண்ணனோதான் அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டி. ஒருநாள் வந்து பேசிட்டுப் போறவங்களால அது முடியாது.

உங்க தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருக்கா? 1098-க்கு போன் பண்ணுங்க. போலீஸ் தேடி வர்றதுக்கு முன்னாடி நாம தேடிப் போவோம்.